பள்ளத்தில் ஒரு சிப்பித் துண்டு

பனிக்கால டயர் மாட்டக் கடைசிக் கெடுவான நவம்பர் முடிய மூன்று நாள்தான் இருக்கிறது, கராஜுக்கு வெளியே பனி தூறிக்கொண்டிருக்கிறது. தூக்கி நிறுத்திய காருக்கடியில் போன வருடத்துப் பனிக்கால டயர்கள் நான்கும் கிடக்கின்றன. மெக்கானிக் நோர்மான் ஒன்றின் பள்ளத்தில் இருபத்தைந்து சென்ட் நாணயத்தைத் தலைகீழாகச் செருகுகிறான். நாணயத்தில் பொறித்திருக்கும் மானின் மூக்கு பள்ளத்துக்குள் மறையாமல் வெளியே தெரிகிறது. “மூக்கு தெரிஞ்சா டயர் அவ்வளவுதான், ஃபெர்னான்.” “ஊருக்குள்ள சுத்துற வண்டிப்பா. சர்ச்சு, கடை, வீடு. இதுவே போதும்,” என்கிறார் கிழவர். அவர் மனைவி யுகெத்தும் தலையாட்டுகிறாள். நோர்மான் ஸ்குரூடிரைவரால் பள்ளத்தைக் கிளறுகிறான். கல் விழும் என்று பார்த்தால், நீலமாய் மினுங்கும் சிப்பித் துண்டு. அடுத்த பள்ளத்திலும் சிப்பி. “இதென்ன, கடற்கரையிலயா ஓட்டுனீங்க?” யுகெத் அதை வாங்கி விளக்குக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். வழுக்காமலிருக்க வாசல் பாதையில் மணலுக்குப் பதில் சிப்பியை உடைத்துப் போடுகிறவன் அவளுக்குத் தெரிந்து ஒருவன்தான்: இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஃபெர்னானின் தம்பி. பதினோரு வருடமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. ஃபெர்னான் சுவர்க் காலண்டரை ரொம்பக் கவனமாகப் படிக்கிறார். யுகெத் சிப்பியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்கிறாள். “நாலும் புதுசாவே போட்டுரு, நோர்மான். இந்தத் தடவ ரெண்டு பேரு போறோம்.”