தளர மறுத்த வில்

கச்சேரி முடிந்ததும் அலர்மேல்மங்கை தன் வயலின் வில்லின் திருகைத் தளர்த்தி, அதன் இழைகள் தொய்ந்த பிறகே பெட்டிக்குள் வைப்பாள். வயலினின் தந்திகளையோ அவள் தொடுவதே இல்லை. சுருதி கூட்டியபடியே அவை முறுக்காக நிற்கும். அதைக் காணக் காண வில்லுக்கு வயிறு எரிந்தது.

"உன்னை மட்டும் எப்போதும் தயாராக வைத்திருக்கிறாள். நானோ வேலை போனவனைப் போலத் தொங்கிக்கிடக்கிறேன்" என்றது வில்.

"அட, பேசாமல் படுத்துத் தூங்கேன், தம்பி! ஒரு பொழுதாவது உன்னைப்போல் தளர்ந்து கிடக்கமாட்டோமா என்று நான் ஏங்குகிறேன்" என்றது வயலின்.

"கிடைத்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள், அக்கா."

அடுத்த கச்சேரி முடிந்ததும் வில் தன் திருகை இறுகப் பிடித்துக்கொண்டது. அலர்மேல்மங்கை திருகித் திருகிப் பார்த்தாள். வாசலில் கார் காத்திருந்ததால், அப்படியே வைத்துப் பெட்டியைப் பூட்டிவிட்டாள்.

"இப்போது என்னைப் பார், அக்கா!" என்று வில் விறைத்துக்கொண்டு நின்றது.

கச்சேரி இல்லாத அந்தக் கோடை முழுவதும் பெட்டிக்குள் அது அவ்வாறே நின்றது. மீண்டும் மேடையேறியபோது தந்திகளின் மேல் அதனால் துள்ள முடியவில்லை. உள்நோக்கி வளைந்திருந்த அதன் மரம், ஓய்வில்லாமல் இறுகியே இருந்ததில் நேராகிப் போயிருந்தது.

புது வில் ஒன்று வந்தது. பழையது பெட்டியின் மூடியில் ஓரமாக மாட்டப்பட்டது. அன்று வாசிப்பு முடிந்ததும் அலர்மேல்மங்கை புது வில்லின் திருகை மெல்லத் தளர்த்தினாள்.

"என்ன அண்ணா, என்னையே அப்படிப் பார்க்கிறீர்கள்?" என்றது புது வில்.

தொய்ந்து கிடந்த அதன் இழைகளை விட்டுப் பழைய வில்லால் கண்ணெடுக்க முடியவில்லை.