ஒன்பதாம் நோன்புக் கஞ்சி

2024 மார்ச் 20, தாராவி. அன்று நோன்பு திறக்கும் நேரம் மாலை 6.50.

"இந்த அண்டாவைக் கவுத்தீருன்னா, நாளைக்கு அடுப்புப் பக்கமே வரக்கூடாது, நசீர் பாய்," என்றார் அம்மார்.

பள்ளிவாசலின் பின்பக்கச் சமையல்கூடம். கஞ்சி காய்ச்சும் நசீர் அண்டாவின் மூடியில் கைவைத்து நின்றார். மணி ஐந்தைத் தாண்டியிருந்தது.

அன்றைய கஞ்சிச் செலவு தோல் பட்டறை முதலாளி அம்மாரின் முறை. முந்தின இரவு குர்லாவில் அவர் கொடுத்த விருந்தில் கறி மிஞ்சிவிட்டது. நசீர் மதியம் லுஹர் தொழப் போன நேரத்தில் அதைக் கொண்டுவந்து கஞ்சியில் கொட்டிக் கிளறிவிட்டார். ராத்திரி முழுக்க ஐஸில் வைத்திருந்த கறி என்று சத்தியம் செய்தார்.

"மோந்து பாரும். நாத்தம் அடிக்கா?"

"இல்ல."

"நான் நுனி நாக்குல வச்சுப் பாத்துட்டுத் துப்பினேன். ருசியும் மாறல. சந்தேகம்னா இன்னொரு கொதி விடும்."

"கறியில ஏறின விஷம் நாக்குக்குத் தெரியாது முதலாளி. எத்தனை கொதி விட்டாலும் போகாது."

"அப்போ உமக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? கனவுல வந்து சொல்லிச்சோ?"

நசீர் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

அம்மார் ஜமாத் செயலாளர் சிராஜிடம் திரும்பினார். நசீரின் மச்சானுக்குப் போன மாதம் பட்டறையில் வேலை இல்லை என்று சொல்லியிருந்தாராம். அந்தக் கடுப்பை இன்றைக்கு அண்டாவில் காட்டுகிறாராம்.

சிராஜுக்கும் அது உண்மையாக இருக்குமோ என்று தோன்றியது.

"நோன்பு மாசத்துல சாப்பாட்டைக் கொட்டுறது பாவம் பாய். வெறும் சந்தேகத்துல கொட்டக்கூடாது."

"சந்தேகத்துல கொட்டல."

வெளியே பிள்ளைகள் தூக்குச்சட்டிகளோடு வந்து நிற்கத் தொடங்கியிருந்தார்கள். நசீர் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல், அண்டாவைத் தானே சாய்த்தார். கஞ்சி முழுவதும் சாக்கடையில் போனது.

"நாளையிலேருந்து வேற ஆளு பாத்துக்கோங்க," என்றார் அம்மார், சிராஜிடம்.

மிச்சமிருந்த அரிசியும் பாசிப்பருப்பும் போட்டு வெறும் கஞ்சி காய்ச்ச நேரம் இருந்தது. ஆனால் நசீர் அடுப்புப் பக்கம் போகவில்லை. தூரத்தில் சுவரோரம் உட்கார்ந்துகொண்டு வேலை சொன்னார். அண்டாவை நன்றாகத் தேய்த்துக் கழுவச் சொன்னார். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அரிசியைத் தொட வேண்டாம் என்றார். நடுவில் இரண்டு மூன்று தடவை எழுந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டு வந்தார்.

சிராஜே கரண்டியைப் பிடித்துக் கிண்டினார்.

"கொட்டினவரு உக்காந்திருக்காரு. செக்ரட்டரி கிண்டுதாரு. நல்ல சேட்டுதான் நம்ம சமையல்காரரு," என்றார் அம்மார்.

கஞ்சி கொதிக்கிறதா என்று மட்டும் கேட்டார் நசீர்.

பிள்ளைகளின் தூக்குச்சட்டிகள் சூடான வெறும் கஞ்சியோடு வீடுகளுக்குப் போயின. பாங்கு சொன்னதும் சிராஜ் பேரீச்சம்பழத் தட்டோடு சுவரோரம் வந்தார். கோபம் இருந்தாலும், ஒரு ஆளை விட்டுவிட்டு நோன்பு திறக்க அவருக்கு மனம் வரவில்லை.

"எடுங்க பாய்."

"வேண்டாம். உப்பும் சீனியும் கலந்து கொஞ்சம் தண்ணி குடுங்க, போதும்."

"பழம் எடுத்து நோன்பு திறந்துட்டுக் குடிங்க."

"எனக்கு இன்னிக்கு நோன்பு இல்ல. தெரியாம எப்படிக் கொட்டுறது? மூணு மணிக்கே அந்தக் கஞ்சில ஒரு கிண்ணம் குடிச்சுட்டேன்," என்றார் நசீர்.

அன்று அந்தத் தெருவில் வாந்தி எடுத்தவர் அவர் ஒருவர்தான்.