மச்சினன் விற்ற அழுகை

“ஒரு ஆம்பளையோட அழுகைக்கு ரெண்டு லட்சம். அதுக்கு மேல காலணா பெயராது.”

சொல்லிவிட்டு விளையாட்டுப் பக்க ஆசிரியர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து, சாத்திய கதவு சாத்தித்தான் இருக்கிறதா என்று தள்ளிப் பார்த்தார்.

எதிரே இருந்தவன் செல்போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டான். அதிகச் சம்பளம் வாங்கும் கால்பந்து வீரர் ஒருவரின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி அவன். அந்த வீரருக்குக் ‘கோடிக்கால்’ என்று பட்டம் கட்டியதே இந்தப் பத்திரிகைதான்.

“அஞ்சுன்னு போன்லயே சொன்னேனே சார்?”

“சொல்லுவீங்க. சொல்றதுக்கு வரியா போடுறாங்க? இன்னொரு தரம் ஓட விடுங்க, கேட்போம்.”

அவன் செல்போனை நிமிர்த்தி அழுத்தினான். காருக்குள் யாரோ விசும்பும் சத்தம். பிறகு, டி.வி.யில் ஊரே கேட்டுப் பழகிய குரல், இப்போது உடைந்து:

“முடியலம்மா... ஸ்டேடியம் பக்கம் வண்டி திரும்பினாலே நெஞ்சை அடைக்குது. கை நடுக்கம் நிக்க மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை மேட்ச்ல என்னை இறக்கி விட்டாங்கன்னா நான் என்ன ஆவேன்னு எனக்கே தெரியல...”

பட்டென்று நிறுத்தினான்.

பாட்டுக் கேட்பவர்போல் கண்ணை மூடியிருந்த ஆசிரியர் திடுக்கிட்டு விழித்தார். “முழுசா விடுங்க தம்பி.”

“முழுசாக் கேட்டுட்டா அப்புறம் எதுக்கு வாங்கப்போறீங்க?”

ஆசிரியர் சிரித்தார். ஆனால் கால் மட்டும் மேஜைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. முதல் பக்கம் முடிக்கும் நேரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

“இதுல புதுசா என்ன இருக்கு? போன மாசம் பேட்டியில அவரே இதைத்தான் சொன்னாரு. தூக்கம் வரல, பயமா இருக்குன்னு. எங்களுக்கு ஓசியிலயே கிடைச்சுது.”

“கிடைச்சதை வச்சு என்ன போட்டீங்க?”

“‘கோடிக்காலுக்குத் தூக்கம் வரவில்லையாம்! மெத்தைக்குள் பணம் குத்துகிறதோ?’” ஆசிரியருக்கு அந்தத் தலைப்பின்மேல் இன்னும் ஆசை விடவில்லை. “அவரோட காரையெல்லாம் வரிசையா நிறுத்திப் படம். பேப்பர் மத்தியானத்துக்குள்ள காலி!”

“கிளப் மேனேஜர் அதை வெட்டி, டிரெஸ் மாத்துற ரூம்ல ஒட்டி வச்சிருக்காரு சார். நடிக்காம போய் ஆடுடான்னு.”

“பார்த்தீங்களா? அவரே சொல்லியும் எவனும் நம்பல. அப்புறம் நீங்க எப்படி அஞ்சு கேட்கறீங்க?”

“அது அவரா குடுத்தது. இது நான் திருடினது. உங்க கடையில திருட்டுச் சரக்குக்குத்தானே சார் மதிப்பு?”

ஆசிரியர் அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். தொழில் தெரிந்த ஆளிடம் மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்துவிட்டது.

“சரி, மூணு. யார் குடுத்ததுன்னு மூச்சு விட மாட்டேன். நாலு வேணும்னா உங்க பேரும் படமும் போடுவேன்.”

அவன் முதல் தடவையாகத் தடுமாறினான். “பேரெல்லாம் எதுக்கு சார்? ‘நெருங்கிய வட்டாரம்’னு போட்டுக்குங்களேன்.”

“வட்டாரம் சொல்றதைப் பாதிப் பேர்தான் நம்புவான். மச்சினனே காட்டிக்குடுத்தான்னு போட்டா, பச்சைக் குழந்தைகூட நம்பும்.”

அவன் நாற்காலியில் முன்னும் பின்னும் நகர்ந்தான். எழுந்து ஜன்னல்வரை போனான். கீழே வாகனங்கள் ஒன்றையொன்று பார்த்து அலறிக்கொண்டிருந்தன. திரும்பி வந்தான்.

“நாளைக்கே முதல் பக்கத்துல வருமா?”

“நாளைக்கே.”

“மறுபடி கேலி பண்ணிட மாட்டீங்களே?”

“திருட்டுத்தனமா எடுத்த அழுகையை எவனாவது கேலி பண்ணுவானா? உருகி உருகி எழுதுவோம். இவரை ஞாயித்துக்கிழமை இறக்கினா கிளப் வாசல்ல ரசிகர்களே படுத்துடுவாங்க, பாருங்க.”

“நாலு.” கையை நீட்டினான்.

பணக்கட்டுகள் அவன் பக்கம் நகர்ந்தன. கூடவே ஆசிரியர் முகத்தில் ஒரு சுளிப்பும் வந்தது. வாங்கி முடித்த பிறகு வருகிற சுளிப்பு.

“கோவிச்சுக்காதீங்க தம்பி. எத்தனையோ பேர்கிட்ட வாங்கியிருக்கேன். அக்கா வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டே அக்கா புருஷனை விக்கிறவனை நான் பார்த்ததே இல்ல.”

“நல்லாப் பார்த்துக்குங்க சார். படம் போடுவேன்னீங்களே.”

பத்து நிமிஷத்தில் அவன் கீழே, கார் நிறுத்துமிடத்தின் மூலைக்கு வந்துவிட்டான். அங்கே நின்ற காருக்குள், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டபடி ஒருவர் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருந்தார். அப்படிப் பிடித்தும் கை நடுக்கம் நிற்கவில்லை.

“தள்ளி உட்காருங்க மாமா, நான் ஓட்டுறேன். நாளைக்கு ஊரே நம்பும். ஞாயித்துக்கிழமை உங்களை எவனும் இறக்க மாட்டான்.”

“உன் பேரு வெளிய வராதுல்ல? அதை மட்டும் விட்டுக்குடுக்காதேன்னுதானே சொல்லி அனுப்பினேன்?”

மச்சினன் வண்டியைக் கிளப்பினான். வரவு: நாலு லட்சமும், மாமாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும். செலவு: ஒரு மச்சினன்.