செத்த சுல்தானின் காசு

டெல்லி சுல்தான்களின் பழைய காசுகளைப் படிக்கக் கற்றுத்தரும் வகுப்பில், தலை நரைத்த ஒருவர்தான் படுசுட்டி. அன்று தான் கொண்டுவந்த வெள்ளிக்காசைத் தட்டுத்தடுமாறி அவரே வாசித்துவிட்டார்.

“பேரையும் வருஷத்தையும் சரியா படிச்சீங்க சார்,” என்றாள் டீச்சர். “ஆனா அந்த வருஷம் இந்த சுல்தான் உயிரோடவே இல்ல. இது போலி. நல்லா ஏமாந்துட்டீங்க.”

அவர் முகம் தொங்கிப்போனது.

“செஞ்சவனுக்கு அரபி தெரியல. எழுத்தைப் பார்த்து வரைஞ்சிருக்கான். படிக்கத் தெரிஞ்சிருந்தா என் கண்ணுலயே மண்ணைத் தூவியிருப்பான்.”

“அதான் டீச்சர், படிக்க வந்தேன்.”

டீச்சர் உருகிப்போய், அந்த சுல்தான் ஆண்ட வருஷங்களைப் போர்டில் அரபியில் பெரிதாக எழுதிக் காட்டினாள்.

வீட்டுக்குப் போனதும் சட்டையைக்கூட மாற்றாமல், அந்தக் காசை அடித்த அச்சைத் தூர எறிந்துவிட்டு, புது அச்சு வெட்ட உட்கார்ந்தார் அவர்.