எலும்புப் பிடி

தையல்காரர் சேகரித்துவந்த பழைய சாரணர் மடக்குக் கத்திகளில் கடைசியாக வந்தது எலும்புப் பிடி போட்டது. அலகு, டின் ஓப்பனர், துளையூசி எல்லாம் சரியாக இருந்தன. பிடியின் எலும்பு மட்டும் ஒரு பக்கம் பாதி உடைந்திருந்தது. பழையதை ஒட்டிச் சரிசெய்தால் மதிப்புப் போய்விடும் என்று அப்படியே வைத்தார்.

“இத்தனை கத்தி இருக்கு, ஒரு வெங்காயம் நறுக்கித் தந்ததுண்டா?” என்றாள் மனைவி.

அடுத்த முறை எண்ணெய் போட எடுத்தபோது எலும்பு சற்று வளர்ந்திருந்தது. அந்த வாரம் மனைவி வழுக்காமலே விழுந்தாள். இடுப்பெலும்பு தேய்ந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். பிடி வளர வளர அவள் கட்டிலோடு ஒடுங்கினாள்.

ஒருநாள் கத்தியைக் குப்பையில் போடக் கொண்டுபோனார். வெயிலில் அதன் அழகைப் பார்த்ததும் மனம் வராமல் திரும்பிவிட்டார். பிடியின் உடைந்த பக்கத்தில் இன்னும் அரிசியளவு இடம்தான் எலும்பு மூட வேண்டியிருந்தது.

“என்னங்க, கொஞ்சம் தூக்கி விடுங்களேன்,” என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

“பொறுத்துக்கோம்மா,” என்றார் கத்தியைத் துடைத்தபடி. “இன்னும் கொஞ்சந்தான்.”