கசியாத கம்ப்யூட்டர்

தென்னாப்பிரிக்காவின் சோவெட்டோவில், தன் வீட்டில் லுவாசி தன் கையாலேயே பாகங்களைச் சேர்த்து உருவாக்கிய கம்ப்யூட்டர், கம்பெனி சொன்ன வேகத்தைத் தாண்டி ஓடியும் சூடாகவில்லை. அதன் குழாய்களில் சூட்டைத் தணிக்கும் பச்சைத் திரவம் சுற்றிக்கொண்டிருந்தது.

"உங்க அண்ணன் மறுபடி குடிச்சிட்டார். வாய் குழறுது, கால் நிக்கல," என்றாள் மனைவி சோத்வா.

"குடிக்க மாட்டேன்னு சர்ச்சுல சத்தியம் பண்ணின லட்சணமா இது? தூங்கித் தொலையட்டும்."

"ஆனா வாடையே வரலீங்க..."

அவன் காதில் வாங்கவில்லை. கம்ப்யூட்டரின் தொட்டியில் திரவம் சற்று இறங்கியிருந்தது. மிச்சம் வைத்திருந்த திரவத்தை ஊற்றலாமென்று ஃபிரிட்ஜைத் திறந்தான். கார் ரேடியேட்டருக்கு ஊற்றுகிற அதே இனிக்கும் விஷம்தான். சில்லென்று ஊற்றினால் இன்னும் வேகம் ஏற்றலாமென்று, பழைய பச்சை நிறக் கிரீம் சோடா பாட்டிலில் நிரப்பி வைத்திருந்தான்.

பாட்டிலைக் காணோம்.

"இங்க இருந்த பச்சைப் பாட்டில் எங்க?"

"அந்த சோடாவா? அண்ணன் தாகமா இருக்குன்னார். சாராயக் கடைப் பக்கம் போயிடக் கூடாதேன்னு நான்தான் முழுசும் ஊத்திக் குடுத்தேன்."