ஆன்டகனைஸ் என்றொரு புகார்

நான் கூடவேலை செய்கிறவர்களை ‘ஆன்டகனைஸ்’ செய்கிறேனாம். லீட்ஸ் செங்கல் சூளை மேனேஜர் ஹோல்ராய்டு தந்த கடிதம் சொன்னது. வேலை போய்விடும்.

அகராதியில் பார்த்தேன். சீண்டிப் பகையாக்குவது. பிறப்பு கிரேக்கத்தில், எதிராளியோடு மல்லுக்கட்டுவது. மேனேஜர் அறைக்குப் போய்க் கேட்டேன்.

“மல்லுக்கட்ட எதிராளி வேணுமே சார், யாரு?”

“எல்லாரும்தான் ஆர்தர். பத்தொன்பது கையெழுத்து!”

“என்னையும் சேத்தே பத்தொன்பது பேர்தானே?”

தாளைக் காட்டினார். கடைசிக் கையெழுத்து என்னுடையது.

ஆறு மாதம் முன்பு, கூடவேலை செய்யும் கிளெக் நீட்டிய தாள் அது. “படிச்சுப் பாத்துப் போடுப்பா” என்று சிரித்தான். படிப்பதுபோல் தலையாட்டிவிட்டு, எழுதத் தெரிந்த ஒரே சொல்லான என் பெயரைப் போட்டேன். நான் எழுதப் படிக்கக் கற்றதே அதற்குப் பிறகுதான், யாருக்கும் தெரியாமல்.

“படிச்சுட்டுத்தானே போட்ட?”

வாசலில் பதினெட்டுப் பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

“ஆமா சார்” என்றேன்.